இந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கும்

'வர்றேன்' என்ற சொல்லுக்கு நான் ஐந்து மதிப்பெண் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது அந்தக் கட்டத்தில் ஐந்து இல்லை, இரண்டு இருந்தது.

வேலை இதுதான். பெங்களூரில் ஒரு நிறுவனம், இனிமேல் நடக்கப்போவதைத் தமிழர்கள் எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று தங்கள் கணினிக்குக் கற்றுக்கொடுக்க விரும்பியது. நடக்கும், நடக்கலாம், நடக்கப்போகிறது, நடந்துவிடும், நடக்கவிருக்கிறது, நடக்கக்கூடும், நடந்தாலும் நடக்கும். இப்படி ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் உதாரண வாக்கியம் கொடுத்து, அதற்கும் பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். ஐந்து என்றால் நிச்சயம். ஒன்று என்றால் சும்மா பேச்சுக்குச் சொன்னது. நான் திண்டிவனத்தில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். கோட்டக்குப்பத்தில் ஒரு பெண் அவர் வீட்டில் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பார். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொலைபேசியில் பேசினோம்.

"சார், வர்றேன்னா அஞ்சா?" என்றார்.

"நிகழ்காலத்துல சொல்றாங்களே மேடம். வருவேன்னு சொன்னாக்கூட கொஞ்சம் சந்தேகம் இருக்கும். வர்றேன்னு சொல்லிட்டா பாதி கிளம்பிட்ட மாதிரிதானே?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காரு சார். மூணு வருஷமா நோம்புக்கு வர்றேன், நோம்புக்கு வர்றேன்னு சொல்லிக்கினே இருக்காரு. எங்க வீட்டுல அது ரெண்டு. ரெண்டே அதிகம்."

"அப்ப எதுக்குத்தான் அஞ்சு போடுவீங்க?"

"டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னா நாலு. ஏர்போர்ட்ல இருந்து பேசினா நாலரை. பொட்டி வாசல்ல எறங்கினா அஞ்சு."

நாலரை போடக் கட்டத்தில் இடம் கிடையாது. கடைசியில் மூன்று என்று சமரசம் ஆனோம். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் கலையவில்லை. தண்டவாளம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். வண்டி போனால் கண்ணாடி லேசாக நடுங்கும், ஆனால் அந்த மாதத்தில் வண்டியைப் பார்க்க முடியாது. வெள்ளைக்குள் ஒரு சத்தம் வரும், போகும்.

எங்கள் வீட்டிலும் ஒரு வரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம் என்பதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

என் மனைவி விழுப்புரத்தைத் தாண்டி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடம் வரை வைத்தியம் பார்த்தோம். சென்னை வரைக்கும் போனோம். ஒருநாள் திரும்பி வரும் வழியில், பேருந்தில், ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "போதும்ங்க. வர்ற புள்ள என் வயித்து வழியாத்தான் வரணும்னு யாரு சொன்னா?"

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வாரமே தத்தெடுப்பதற்குப் பதிவு செய்தோம்.

பதிவு செய்த சில மாதத்தில் வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். கையில் ஒரு டேப்லெட் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். "குழந்தை வந்தா எந்த ரூம்ல படுக்க வைப்பீங்க மேடம்?" என்று கேட்டார்.

"வந்தா இல்லம்மா," என்றாள் என் மனைவி. "வந்ததும்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "சாரி மேடம்," என்றார். "வந்ததும் யாரு பகல்ல பாத்துப்பாங்க?"

"நான்தான்," என்றேன். "வீட்டுலதான் வேலை."

அதன் பிறகு மூன்று வருடம் வரிசையில் இருந்தோம். விழுப்புரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பள்ளி விடுமுறை நாட்களில் இருவரும் போய்க் கேட்டு வருவோம். அங்கே இருந்த அலுவலர் நல்ல மனிதர். முதல் வருடம், "வரும் சார்," என்றார். இரண்டாம் வருடம், "வந்துடும் சார், கவலைப்படாதீங்க," என்றார். மூன்றாம் வருடம், "வரணும் சார்," என்றார். ஒரே சொல்தான் மூன்று முறையும். அப்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 'வரும்' என்பதில் ஒரு சாந்தம் இருக்கிறது, காலையில் வெயில் வருவதுபோல. 'வந்துடும்' என்பது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது, தோளில் கைவைப்பது. 'வரணும்' என்று சொல்லும்போது சொல்பவரே நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

அந்த மூன்றாம் வருட மழைக்காலத்தில் எங்களுக்குள் ஒரு பேச்சு தொடங்கியது. விளையாட்டு என்றுகூடச் சொல்லலாம். கார்த்திகை மாதம், மின்சாரம் போயிருந்தது. சாயங்காலம்தான், ஆனால் வானம் முழுக்க இருட்டிக்கொண்டு கொட்டியது. அவள் நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்நேரம் என்னா பண்ணிக்கினு இருக்கும்?" என்றாள்.

"யாரு?"

"நம்ம புள்ளதான். எங்கியோ இருக்கும் இல்ல?"

"தூங்கிக்கினு இருக்கும்," என்றேன்.

"இவ்ளோ இடியிலயா?"

"அங்க மழை இருக்காது."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "அங்க இருக்காது."

தமிழில் எதிர்காலத்துக்கு இருக்கும் சொல்லை நாம் இப்போது நடப்பதற்கும் சொல்கிறோம், அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தால். இருக்கும், தூங்கும், சாப்பிட்டிருக்கும். நாளைக்கு நடக்கப்போவதும், பக்கத்து ஊரில் இந்த நிமிடம் நடப்பதும் நமக்கு ஒரே சொல்தான், ஏனென்றால் இரண்டையும் பார்க்க முடியவில்லை. இதை எந்தப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கார்த்திகை மாதம் முழுவதும் நாங்கள் அந்தச் சொல்லுக்குள் குடியிருந்தோம். சோறு பிசையும்போது, "இப்ப பால் குடிச்சிருக்கும்," என்பாள். பாசஞ்சரில் போகும்போது அவளிடமிருந்து செய்தி வரும்: 'குளிப்பாட்டிக்கினு இருப்பாங்க.' நான் பதில் அனுப்புவேன்: 'அழுதுகினு இருக்கும்.' ஆணா பெண்ணா என்று நாங்கள் சொல்லிக்கொண்டதே இல்லை. 'இருக்கும்' என்ற சொல் அதைக் கேட்கவும் இல்லை.

ஒருமுறை நானும் அவளுடன் ரயிலில் போனேன். கூட்டம் இல்லை. பேரணி நிலையம் தாண்டி வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பின்பக்கம் பார்க்கும் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன், அவள் எதிரே. எனக்கு எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, தெரியத் தொடங்கும்போதே விலகிப் போனது. அவளுக்கு எல்லாம் எதிரிலிருந்து வந்தது. எதிர்காலம் என்று சொல்கிறோம். 'பின்னால பாத்துக்கலாம்' என்றும் சொல்கிறோம். ஒரே மொழியில் வரப்போவது எதிரிலும் நிற்கிறது, முதுகுக்குப் பின்னாலும் நிற்கிறது. இதை அவளிடம் சொன்னேன். "உங்களுக்குத் தலை சுத்துதுங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க," என்றாள். போய் உட்கார்ந்தேன்.

கோடையில் அந்த விளையாட்டு நின்றது. ஒருநாள் சாப்பிடும்போது வழக்கம்போல நான்தான் கேட்டேன், இந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் பொறக்காம இருக்கும்."

அவள் எழுந்து கை கழுவினாள். அதன் பிறகு மாதக்கணக்கில் இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

விழுப்புரத்தை ஒட்டிய காணையில் இருக்கும் என் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தத்தெடுப்பதில் மனம் ஒப்பவில்லை. எங்களுக்கு அங்கே கொஞ்சம் கரும்பும் நெல்லும் உண்டு. அப்பா இறந்த பிறகும் அம்மாதான் பயிர் வைக்கிறாள். ஒரு தை மாதம் போயிருந்தபோது வரப்பில் நின்றுகொண்டு கேட்டாள்: "நாளைப் பின்ன அது என்னெப் பெத்தவ யாருன்னு கேட்டா என்னாடா சொல்லுவே?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்மா."

"அதெப்படிடா சொல்லுவே?"

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

அம்மா மடையைத் திருப்பப் போய்விட்டாள். 'நாளைப் பின்ன' என்று அவள் சொல்லும்போது அது ஒரு நாள்போல இருக்காது. ஒரு நிழல்போல இருக்கும். நாளையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா நாளும் ஒன்றாகச் சேர்ந்து, முகம் தெரியாத ஓர் ஆள்போல வரப்பில் நின்றுகொண்டிருக்கும்.

விளையாட்டு நின்ற அந்த வருட மார்கழியில்தான் பெங்களூர் வேலை வந்தது. 'வர்றேன்' சண்டைக்குப் பிறகு கோட்டக்குப்பத்துப் பெண்ணுடன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பேசுவேன். 'நடைபெறவுள்ளது' என்பதற்கு நாங்கள் இருவருமே நாலு போட்டோம். யார் சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் பந்தலும் மைக்கும் கண்ணில் தெரிவதால்தான் அது நாலு என்று பேசிக்கொண்டோம். 'பாக்கலாம்' என்பதற்கு அவர் ஒன்று போட்டார். "எங்க மாமியாரு பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம் சார்." 'இன்ஷா அல்லா' என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். "சேருங்க. ஆனா நம்பர் போடாதீங்க," என்றார். அந்தக் கட்டம் காலியாகவே போனது.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். அன்றைக்குப் பட்டியலில் எந்தச் சொல்லில் இருந்தேன் என்று நினைவில்லை. போனில் ஒரு செய்தி வந்தது. எங்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். பிறகு கிளம்பி நிலையத்துக்கு ஓடி, கிடைத்த வண்டியில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அவள் பள்ளி வாசலில் போய் நின்றேன். மதிய உணவு மணி அடித்தது. அவள் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தைக்கு ஏதாவது?"

"இல்ல, இல்ல. வந்துடுச்சு."

வேப்பமரத்தடியில் நின்று போனில் அந்தப் படத்தைப் பார்த்தோம். பெண் குழந்தை. பதினாலு மாதம். மொட்டை அடித்து முடி வளரத் தொடங்கியிருந்தது. படம் எடுப்பவரைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, அந்தக் குழந்தையின் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று பார்த்தாள்.

படத்துடன் மருத்துவ அறிக்கையும் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் பழக்க தோஷத்தில் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தேன். வலது காதில் கேட்கும் திறன் குறைவாக இருக்கக்கூடும். பேச்சு தாமதமாகலாம். மேலும் பரிசோதனைகள் தேவைப்படலாம். கூடும், லாம், லாம். இத்தனை நாள் எண் போட்டுக்கொண்டிருந்த சொற்கள் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. எனக்கு ஓர் எண்ணும் தோன்றவில்லை.

அன்று மாலையே விழுப்புரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டினோம். அவர் நிதானமாகப் படித்தார். "பேச்சு வரலாம். லேட்டா வரலாம். நேர்ல பாக்காம நான் எதையும் சொல்லக்கூடாது," என்றார். நியாயமான பேச்சுதான்.

திரும்பும்போது பேருந்தில் கோட்டக்குப்பத்துப் பெண் அழைத்தார், ஏதோ ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது என்று. எனக்கு வேலையைப் பற்றிப் பேச வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று வருடம், குழந்தை, காது, இரண்டு நாள்.

"பேச்சு வரலாம்னு சொல்றாங்க மேடம். இதுக்கு நீங்க எவ்ளோ போடுவீங்க?"

"அண்ணா," என்றார். அதுவரை சார் என்றுதான் சொல்லுவார். "எங்கிட்டயா நம்பர் கேக்கறீங்க? போய் வீட்டம்மாகிட்ட உக்காருங்க. நான் தொழுகையில துஆ பண்றேன்."

வீட்டுக்கு வந்து இருவரும் மேஜையில் உட்கார்ந்தோம். நான் அவளிடம், "நீதான் கணக்கு டீச்சர். நீ சொல்லு," என்றேன். அவள் வகுப்பில் நடத்தும் பாடங்களில் ஒன்றின் பெயர் நிகழ்தகவு. நாணயத்தைச் சுண்டிச் சுண்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். தகவு என்றால் தகுதி. நடப்பதற்கு ஒன்றுக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்று கேட்கும் சொல்.

அவள் தலையை ஆட்டினாள். "நூறு தடவை சுண்டினாத்தான் அது பாடம். ஒரே தடவைன்னா அதுல கணக்கு ஒண்ணும் இல்லைங்க."

பிறகு அறிக்கையை என் பக்கம் தள்ளினாள். "நடக்கலாம்னு போட்டதையெல்லாம் படிச்சிட்டீங்க. நடந்தது என்னா போட்டிருக்கு? அதைப் படிங்க."

படித்தேன். எட்டாவது மாதம் உட்கார்ந்தாள். பத்தாவது மாதம் தவழ்ந்தாள். பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான்கு பற்கள் முளைத்திருக்கின்றன. வாழைப்பழம் விரும்பிச் சாப்பிடுகிறாள். புதியவர்களைப் பார்த்தால் அழுவதில்லை.

கடைசி வரியில் என் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினாலு மாதக் குழந்தை புதிய முகத்தைப் பார்த்தால் அழ வேண்டும். முகத்தைப் புதைத்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும். சற்று நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதில் போடுங்க. ஜல்தி," என்றாள்.

போட்டோம். அறிக்கையில் இருந்த பிறந்த தேதியை வைத்து அவள் அன்றே கணக்குப் போட்டுப் பார்த்தாள். முந்தின வருடக் கார்த்திகையில், மின்சாரம் இல்லாத அந்த மாலையில், தூங்கிக்கொண்டிருக்கும் என்று நான் சொன்னபோது, எங்கள் மகள் பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. 'இன்னும் பொறக்காம இருக்கும்' என்று அவள் தட்டைப் பார்த்துச் சொன்ன நாளில் குழந்தை எங்கோ ஒரு பாயில் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துகளும் காகிதங்களும் முடிய சில வாரம் ஆனது. குழந்தை இருந்த இல்லம் தெற்கே, பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊர். விழுப்புரத்தில் காலை வண்டி ஏறினோம். கையில் ஒரு பை. அதில் மூன்று கவுன், ஒரு குல்லா, வாழைப்பழம். எனக்கு அந்தப் பயணம் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்த கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. கொள்ளிடத்தில் மணல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பாலத்தில் வண்டி நின்றது. கீழே யாரோ துணி அலசினார்கள். சத்தம் மேலே வந்து சேருவதற்குள் துணி அடுத்த முறை கல்லில் விழுந்திருந்தது.

இல்லத்தில் எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாள் எங்கள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தை என்னைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். அழவில்லை.

"தெனமும் சொல்லுவேம்மா," என்றார் அந்த அம்மாள். "அம்மா வருவாக, அப்பா வருவாக, ரயில்ல வருவாக, கூட்டிட்டுப் போவாகன்னு சொல்லிக்கிட்டே சோறு ஊட்டுவேன்."

"கேக்குமா அவளுக்கு?" என்றாள் என் மனைவி.

"வலப்பக்கம் சொன்னா திரும்ப மாட்டா. நான் ரொம்ப நாளைக்கு முன்னாடியே பாத்துட்டேன். அதான் எப்பவும் இடது காதுலதான் சொல்லுவேன்."

நாங்கள் இங்கே 'இருக்கும்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம், அங்கே ஒருவர் இந்தக் குழந்தையின் இடது காதில் 'வருவாக' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யார் வருவார்கள் என்று அவருக்கும் தெரியாது. வருவார்களா என்றும் தெரியாது. என் மனைவி எழுந்து போய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, என் மனைவியின் காதில் இருந்த தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினோம். பாதி வழி வரை விழித்தே இருந்தாள். பிறகு சிணுங்கத் தொடங்கினாள், சிணுங்கல் அழுகையானது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் வியர்த்தது. என் மனைவி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அவளைத் தோளில் போட்டு, இடது காதில் வாயை வைத்து, "தோ வந்துடுச்சு. வீடு வந்துடுச்சு. வந்துட்டோம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விழுப்புரத்துக்கே இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கிருந்து திண்டிவனம். ஆனால் அவள் சொன்னது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தைக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அப்படியே தூங்கிவிட்டாள்.

பட்டியலை மூன்று வாரம் தாமதமாக அனுப்பினேன். நடந்து முடிந்ததுபோலச் சொல்லி இனி நடப்பதைக் குறிக்கும் வாக்கியங்களைக் கடைசியில் சேர்த்தேன். 'தோ வந்துட்டேன்.' 'ஊர் வந்துடுச்சு.' 'இப்ப சரியாயிடுச்சு பாரு.' எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். கோட்டக்குப்பத்துத் தங்கை எதையும் திருத்தவில்லை. பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் அழைத்து, இவையெல்லாம் இறந்தகாலம் அல்லவா, எப்படி எதிர்காலத்தில் சேரும் என்று கேட்டார். குழந்தை என் மடியில் இருந்து விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "சேரும் சார்," என்றேன்.

அந்த வருடம் நோன்புக்குக் கோட்டக்குப்பத்துத் தங்கையின் கணவர் குவைத்திலிருந்து வந்தார். வாசலில் பெட்டிகள் இறங்கும் படத்தை அந்தத் தங்கை எனக்கு அனுப்பினார். அடியில் ஐந்து என்ற எண் மட்டும் இருந்தது. பெருநாளுக்கு எங்கள் மூன்று பேரையும் அழைத்தார்கள். அப்போதுதான் முதல் முறையாக நேரில் பார்த்தோம். என் குரலை வைத்து நான் குண்டாக இருப்பேன் என்று நினைத்திருந்தாராம்.

பரிசோதனையில் வலது காது மிகவும் மந்தம் என்றும், இடது காது நன்றாகக் கேட்கிறது என்றும் தெரிந்தது. ஒரு சின்னக் கருவி மாட்டினார்கள். வாரம் ஒருநாள் புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். ஒரு வருடத்துக்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கை நீட்டுவாள், இழுப்பாள், சிரிப்பாள், அவ்வளவுதான். அந்த நாட்களை எளிதாகக் கடந்தோம் என்று நான் சொல்ல மாட்டேன். சில மாலைகளில் என் மனைவி பள்ளியிலிருந்து வந்து, ஏதாவது பேசினாளா என்று கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்ப்பாள். பிறகு ஒருநாள் காலையில் நான் காபி டம்ளரை வைத்தபோது, மகள் விரலால் அதைத் தொட்டுவிட்டு, கையை உதறி, "சூடு" என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் இருந்த எல்லாமே சூடுதான். தண்ணீர் சூடு, பூனை சூடு, அப்பா சூடு.

என் அம்மா முதல் முறை அவளைப் பார்த்தபோது தூக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மல்லாட்டை அவித்து வைத்திருந்தாள். அந்த வேர்க்கடலையைக் குழந்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் போடாமல் அம்மாவின் மடியில் போட்டாள். மடி நிறைந்தது. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அம்மா என்னிடம், "நாளைப் பின்ன இவ காலேஜு கீலேஜு போறதா இருந்தா விழுப்புரத்துலயே சேத்துடு. என்னாண்ட இருந்து போய்க்கினு வரட்டும்," என்றாள். அப்போது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

இப்போது மூன்றரை ஆகிறது. பேச்சு வெள்ளமாக வருகிறது. நேற்றும் நாளையும் மட்டும் அவளுக்கு இன்னும் பிரியவில்லை. இந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் என்கிறார்கள். சென்ற ஞாயிறு காணைக்குப் போய்விட்டு விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகள் அவரிடம் தானாகவே பேசத் தொடங்கினாள்.

"நாளைக்கு நான் கன்னுக்குட்டி பாத்தேன்."

"அப்படியா? எங்க பாத்தே?"

"காணையில. அது என்னெ நக்கும். நேத்து நான் டீச்சர் ஆவேன்."

பெரியவர் சிரித்துக்கொண்டே என் மனைவியைப் பார்த்தார். "நேத்தே ஆயிடுவியா?"

"ஆமா," என்றாள் மகள்.

பிள்ளைகள் ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னால்கூட விடாத என் மனைவி, ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அவளைத் திருத்தாமல் வெளியே பார்த்தாள். முண்டியம்பாக்கம் நெருங்கியபோது சர்க்கரை ஆலையின் வாடை வண்டிக்குள் வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெரியவரையும் பொத்திக்கொள்ளச் சொன்னாள். அவர் பொத்திக்கொண்டார்.